உஷார்! "மண்டையில ஏறல" என்று பிள்ளை லேப்டாப்பை மூடும் முன்

மாதனூரிலும் சுற்றுவட்டாரத்திலும் கோடிங் படிக்கிற பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு இது அவசரச் செய்தி. உங்கள் பிள்ளை சீக்கிரமே ஒருநாள் லேப்டாப்பை மூடி பீரோ மேல் வைத்துவிட்டு, "எனக்கு மண்டையில ஏறலம்மா" என்று சொல்லக்கூடும். நீங்களும் நம்பிவிடுவீர்கள். "சரி வுடு, கம்பெனிக்கே போ" என்று ஆம்பூர் ஷூ கம்பெனி வேனில் ஏற்றிவிட்டு அந்தப் பேச்சையே மறந்துவிடுவீர்கள்.

நம்பாதீர்கள். அந்தப் பிள்ளையின் போன மாதத்தை முதலில் விசாரியுங்கள். கேஸ் புக் பண்ணியது யார், ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்கப் போனது யார், மகளிர் குழுத் தவணையைக் கட்டிவிட்டு வந்தது யார், தம்பியை டியூஷனில் விட்டுக் கூட்டி வந்தது யார், பாட்டிக்கு மாத்திரை தீர்ந்ததும் பள்ளிகொண்டா வரை ஓடியது யார்? பெரும்பாலும் ஒரே பெயர்தான் வரும்.

நல்ல புத்தியுள்ள பிள்ளை, துண்டு துண்டாகக் கிடைத்த நேரத்தில் படித்துப் பார்த்து, முடியாமல் போய், தனக்குப் புத்தி போதாது என்று தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறது. உஷாராக இருக்க வேண்டியது அந்தத் தீர்ப்பைக் குறித்துத்தான். விட்டுப்போன பாடத்தை நாளைக்குப் படித்துக்கொள்ளலாம். 'நான் இதுக்கு லாயக்கில்லை' என்ற எண்ணம் பதினெட்டு, பத்தொன்பது வயதில் உள்ளே இறங்கினால் லேசில் வெளியே வராது.

நடப்பது என்ன என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பைத்தான் என்ற கணினி மொழியில் ஓர் ஆரம்பப் பயிற்சி. நம் ஊருக்கு ஏற்றபடி ஷூ சைஸ் என்றே வைத்துக்கொள்ளலாம். 36 முதல் 42 வரை சைஸ்களைத் திரையில் காட்ட வேண்டும். ஒவ்வொரு சைஸுக்கும் கறுப்பு, பிரவுன், டேன் என்று மூன்று நிறம். மொத்தம் 21 வரிகள் வர வேண்டும். சைஸுக்கு ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்பச் சுற்றும் கட்டளை; அதற்குள் நிறத்துக்கு ஒரு லூப். பிள்ளை 'ரேஞ்ச்' என்று எழுதி அடைப்புக்குறிக்குள் 36, 42 என்று கொடுத்து ஓடவிடுகிறது. 18 வரிகள்தான் வருகின்றன. பிழைச் செய்தி எதுவும் இல்லை. எல்லாம் ஒழுங்காக ஓடியதுபோலத்தான் தெரிகிறது. ஆனால் மூன்று வரி குறைகிறது.

இப்போது தலைக்குள் வேலை தொடங்குகிறது. குறைவது நிறமா, சைஸா? உள் லூப் மூன்று தடவை சரியாகச் சுற்றுகிறதே. அப்படியானால் வெளி லூப்பா? 36, 37, 38 என்று ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணி 41 வரை வந்தாகிவிட்டது. அடுத்து 42 வர வேண்டும், ஏன் வரவில்லை என்ற கேள்வியின் வாசற்படியில் பிள்ளை நிற்கிறது.

"பாப்பா, சும்மாதானே இருக்க? ரேஷன்ல இன்னா போட்றாங்கன்னு பாத்துட்டு வா."

போய்வர இருபது நிமிடம். திரும்பி வந்து உட்கார்ந்தால் திரையில் அதே 18 வரிகள் இருக்கின்றன. 41 வரை எண்ணிவந்த நூல் அறுந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து. நிறமா, சைஸா? 39 வரை வந்ததும் வாசலில் கேஸ் வண்டி. அதற்கடுத்து சித்தியின் போன். சாயங்காலம் ஆகும்போது பிள்ளைக்கு ஒன்றே ஒன்று தெரிகிறது: பகல் முழுக்க உட்கார்ந்தும் பத்து வரி புரோகிராமைச் சரிசெய்ய முடியவில்லை. ரேஞ்ச் கடைசி எண்ணைச் சேர்க்காது, 43 என்று கொடுத்திருந்தால் 42 வந்திருக்கும் என்ற விடை, விடாமல் பத்து நிமிடம் கிடைத்திருந்தால் அதற்கே பிடிபட்டிருக்கும். அப்படித் தானே பிடித்த விடை மறக்கவும் மறக்காது.

ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியாது, அதில் அவர்கள் தப்பும் இல்லை. பாதி தையலில் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாலும் போட்ட தையல் போட்டபடியே இருக்கும். ஊசியை விட்ட இடத்தில் குத்தினால் போதும். கோடிங்கில் பாதி வேலை திரையில் இருக்காது, தலையில் இருக்கும். எழுந்த நொடியில் அது கலைந்துவிடும்.

தேர்ந்தவர்களுக்கே இதுதான் கதி. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த கிறிஸ் பார்னின், ஸ்பென்சர் ருகாபர் என்ற இருவர், 86 புரோகிராமர்களின் 10,000 வேலை அமர்வுகளின் பதிவுகளை அலசி 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இடையில் விட்ட வேலைக்குத் திரும்பியவர்கள் ஒரு நிமிடத்துக்குள் கோடை எழுத ஆரம்பித்தது பத்தில் ஒரு அமர்வில்தான். மற்ற நேரமெல்லாம் எங்கே விட்டோம் என்று அங்கும் இங்கும் துழாவிவிட்டுத்தான் கை வைத்தார்கள். சம்பளம் வாங்கும் புரோகிராமர்களின் நிலை இது. எங்கே துழாவுவது என்பதே தெரியாத புதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். "ரெண்டே நிமிஷ வேலைதான்" என்று நாம் அனுப்பும் வேலை அதற்கு ரெண்டு நிமிடத்தில் முடிவதே இல்லை.

நம் பக்கத்தில் இது கூடுதலாக நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் இந்தத் தோல் வட்டாரத்தில் விடிந்ததும் கம்பெனி வேன் வந்து நிற்கிறது. அப்பாவும் அம்மாவும், சில வீடுகளில் அக்காவும் ஏறிப் போய்விடுகிறார்கள். பகலில் வீட்டில் இருப்பது தாத்தா, பாட்டி, பிறகு லேப்டாப்போடு ஒரு பிள்ளை. வெளிவேலை எல்லாம் அதன் தலையில் விழாமல் வேறு யார் தலையில் விழும்? வீட்டிலேயே அப்பர் தைக்கும் பெண்களின் உழைப்பையாவது ஜோடிக் கணக்கில் எண்ணிக் காட்டலாம். பகல் முழுக்க 42-ஐத் தேடிய பிள்ளை எதை எடுத்துக் காட்டும்? கையில் பொருளும் இல்லை, கூலியும் இல்லை. அதனால்தான் பார்க்கிறவர் கண்ணுக்கு அது சும்மா இருப்பதாகத் தெரிகிறது.

இன்னொரு பக்கம் வீட்டின் ஆசையும் அதே பிள்ளை மேல்தான். 2025 ஆகஸ்ட் 27-இல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது, ஏற்றுமதி ஆர்டரை நம்பிப் பிழைக்கும் இந்த வட்டாரம் கதிகலங்கியது. "எம்புள்ளையாவது கம்ப்யூட்டர் வேலைக்குப் போவட்டும்" என்று சொல்ல அதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். ஆசைப்படுவதும் அதே வாய், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுவதும் அதே வாய். கோபமாகச் சொல்லவில்லை, பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலவரம்.

பெண் பிள்ளை என்றால் இரட்டை உஷார். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம் என்கிறது. பெண்ணுக்கு ஐந்து மணி நேரத்துக்குப் பதினோரு நிமிடம்தான் குறைவு. பையனுக்கு வரும் வேலை வண்டி எடுத்துக்கொண்டு போய் முடித்துவிட்டு வருகிற வேலை. பெண்ணுக்கு வருவது உலை, பாத்திரம், தண்ணீர், அக்கா குழந்தை, வந்தவர்களுக்குக் காபி. இது முடிந்தது என்று எழுந்திருக்கும் நேரமே அதில் கிடையாது. அண்ணன் படித்தால் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்கும் வீடு, தங்கை படித்தால் குக்கர் விசிலை எண்ணச் சொல்கிறது.

கற்றுக்கொடுப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்டவர்கள் இந்தச் சிக்கலை எப்பவோ கண்டுகொண்டுவிட்டார்கள். ஜோஹோ நிறுவனம் இருபது ஆண்டாக நடத்திவரும் பள்ளியில், கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளைச் சேர்த்துக் கட்டணம் வாங்காமல் கற்றுக்கொடுப்பதோடு மாதாமாதம் உதவித்தொகையும் தருகிறார்கள். அந்தத் தொகை பிள்ளையின் செலவுக்கு மட்டும்தான் உதவுகிறது என்று நான் நினைக்கவில்லை. மாதம் பிறந்தால் பணம் வருகிறது என்றதும் வீடு அதை வேலையாக மதிக்கத் தொடங்கிவிடும்; வேலையில் இருக்கும் பிள்ளையை யாரும் ரேஷனுக்கு அனுப்புவதில்லை. 2016-இல் தொடங்கிய நவ்குருகுல் என்ற அமைப்பு வேறு வழி எடுத்தது. ஏழைக் குடும்பத்துப் பெண்களை வீட்டிலிருந்து கிளப்பி, விடுதியில் தங்கவைத்து, இலவசமாக கோடிங் கற்றுக்கொடுக்கிறது. இரண்டு இடத்திலும் பாடம் ஒரு பங்கு என்றால், குறுக்கே யாரும் கூப்பிடாத நேரத்தை வாங்கிக் கொடுப்பது இன்னொரு பங்கு. எல்லாப் பிள்ளைக்கும் அங்கே இடம் கிடைக்காது. மாதனூர் வீட்டுக்குள்ளேயே அந்த நேரத்தை உண்டாக்க முடியுமா என்பதுதான் நம் முன்னால் இருக்கிற கேள்வி.

முடியும், ஆனால் "இனிமே என்னை எந்த வேலைக்கும் கூப்பிடாதீங்க" என்று சண்டை போட்டு முடியாது. ரேஷன் கடைக்கு அட்டையில் பெயர் உள்ள ஒருவர் போய் ரேகை வைத்தே ஆக வேண்டும். மற்றவர்கள் கம்பெனியில் இருக்கிறார்கள். பாட்டியை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் நாள் முழுசாகப் போகும். அன்றைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் காத்திருக்கும் இடத்தில் கோட் எழுதுவேன் என்பதெல்லாம் வீறாப்பு. அந்த நாளைப் பாட்டிக்கே கொடுத்துவிடுங்கள். கேட்க வேண்டியது வேலையிலிருந்து விடுதலையை அல்ல, வேலைக்கு ஒரு நேரத்தை. பேங்க், ரேஷன், மருந்துக்கடை எல்லாம் மதியத்துக்கு முன் ஒரே சுற்றில் முடியட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் கதவு சாத்தியிருக்கும், தீப்பிடித்தால் ஒழியக் கூப்பிடக்கூடாது. இதை முந்தின நாள் ராத்திரி, எல்லோரும் சாப்பிட உட்காரும்போது சொல்ல வேண்டும். கூப்பிட்ட பிறகு "இப்ப முடியாது" என்று கத்தினால் அது திமிராகத்தான் காதில் விழும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள் அல்லவா, அந்த நாளைக் குறித்துவைத்துக்கொண்டு தள்ளிப்போடக்கூடிய வெளிவேலைகளை எல்லாம் அதில் கொண்டுபோய்ப் போடுங்கள். எப்படியும் அன்றைக்கு லேப்டாப் பாதியில் நிற்கும்.

அப்புறம் ஹாட்ஸ்பாட். இதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. பல வீடுகளில் நெட் என்பது ஒரே ஒரு போன். அந்தப் போனைத் தூக்கிக்கொண்டு தம்பி ஆம்பூருக்குப் போனால் அக்காவின் வகுப்பும் அவனோடு பஸ் ஏறிவிடும். பைத்தானை நிறுவும்போதே கூட வரும் ஐடில் என்ற செயலிக்கு நெட் தேவையில்லை. பைத்தானின் கையேட்டையும் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். கணியம் அறக்கட்டளை எளிய தமிழில் கணினி நூல்களை இலவச மின்னூல்களாகவே கொடுக்கிறது. ராத்திரி போன் வீட்டில் இருக்கும்போது நாளைக்கு வேண்டியதை இறக்கி வைத்துவிட்டால், பகலில் போன் எங்கே போனாலும் கவலையில்லை. போன் பக்கத்தில் இல்லாமல் இருப்பது இன்னும் நல்லது என்பது என் கட்சி.

எவ்வளவு சொல்லிவைத்தாலும் யாராவது கூப்பிடத்தான் போகிறார்கள். கூப்பிட்டதும் குதித்து எழாமல், "தோ வரேம்மா" என்று குரல் கொடுத்துவிட்டு, எழுதிக்கொண்டிருந்த இடத்திலேயே தமிழில் ஒரு வரி தட்டுங்கள்: '41 வரைக்கும் எண்ணிப் பார்த்தாச்சு, நிறம் சரி, சைஸ்ல 42 ஏன் வரல?' முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டால் பைத்தான் அதைக் கண்டுகொள்ளாது. பார்னின், ருகாபர் ஆய்வில் பெரிய புரோகிராமர்களும் இப்படித்தான் குறிப்பு விட்டுவிட்டுப் போகிறார்கள். சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், வேண்டுமென்றே ஒரு தப்பான வரியை எழுதிவைத்துவிட்டு எழுவார்களாம். திரும்பி வந்து ஓடவிட்டதும் கம்ப்யூட்டரே அந்த வரியைக் காட்டி "இங்கதான் விட்ட" என்று கத்தும். நம் பிள்ளைகளுக்கு இது பொருத்தமான குறும்பு.

துண்டு நேரத்துக்கென்று வேறு வேலை இருக்கிறது. ரேஷன் வரிசையில் நிற்கும்போது ஒரு நோட்டில் லூப்பை எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் எந்த எண் வருகிறது என்று பென்சிலால் ஓட்டிப் பார்க்கலாம். நேற்று வந்த பிழைச் செய்தியை நிதானமாகப் படிக்கலாம். புதுப் பாடத்தை மட்டும் அங்கே தொடங்காதீர்கள்.

கையில் பத்தே நிமிடம் இருக்கும்போது ஏஐ-யிடம் கேட்டு, கொடுத்த கோடை அப்படியே ஒட்டிவிட்டு "முடிச்சிட்டேன்" என்று நிம்மதியாவது இப்போது வந்திருக்கும் புது ஆபத்து. 21 வரி வந்துவிடும், பிள்ளைக்கு ஒன்றும் வந்திருக்காது. நேர்முகத் தேர்வில் 43 ஏன் என்று ஒருவர் கேட்கும் வரை இது வெளியே தெரியாது.

பெற்றவர்களின் சந்தேகமும் நியாயம்தான். கதவைச் சாத்திக்கொண்டு ரீல்ஸ் பார்க்கிறதா, படிக்கிறதா, யார் கண்டது? அதற்குக் கதவைத் தட்ட வேண்டாம், ராத்திரி ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்னைக்கு எது ஓடல?" உண்மையில் படித்த பிள்ளை பத்து நிமிடம் நிறுத்தாமல் புலம்பும். உங்களுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டுக்கொண்டிருங்கள். ரீல்ஸ் பார்த்த பிள்ளை "எல்லாம் ஓடிச்சு" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடும்.

இனி சொல்லப்போவது கட்டுரையிலேயே பெரிய உஷார்.

'மண்டையில ஏறல' என்று சோர்ந்திருக்கும் பிள்ளைக்கு, சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு போன் வரும். எங்கோ ஓர் இணையதளத்தில் பெயரும் எண்ணும் கொடுத்திருக்கும், அவ்வளவுதான். "மேடம், தானா படிச்சா வராது. எங்க கோர்ஸ்ல சேந்தா ஆறு மாசத்துல வேலை கேரன்ட்டி. இப்ப பணமே கட்ட வேணாம், மாசாமாசம் கட்டலாம், வட்டியே இல்ல. இன்னைக்கு ராத்திரிக்குள்ள சொன்னா பாதி விலை." நாணயமாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் இந்த வசனத்தோடு வருகிறவர்களிடம் ஜாக்கிரதை. மாதாமாதம் கட்டலாம் என்பது பெரும்பாலும் கட்டணத் தவணை அல்ல, ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் எடுக்கப்படும் கடன். ஆதாரும் பான் கார்டும் அனுப்பி, வந்த ஓடிபியைச் சொன்னதும் கடன் பதிவாகிவிடும். முழுத் தொகையும் கோர்ஸ் நடத்துபவருக்குப் போய்விடும். வகுப்பு பிடிக்காமல் நீங்கள் நின்றாலும், அவர்களே கடையைக் கட்டினாலும், தவணை நிற்காது. மகன் படிப்பதற்காக அப்பா கையெழுத்துப் போட்ட கடன், அப்பா வாங்கப்போகும் வீட்டுக்கடனுக்குக் குறுக்கே வந்து நிற்கும்.

அதைவிட, அந்தக் கோர்ஸும் அதே வீட்டில், அதே அழைப்புகளுக்கு நடுவில்தானே நடக்கப்போகிறது? இலவசமாகப் படிக்க முடியாமல் போன அதே மத்தியானத்தில், கடன் வாங்கிப் படிப்பது மட்டும் எப்படி நடக்கும்? பாடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஐஐடி பேராசிரியர்களின் என்பிடெல் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரியில் படிக்கிற பிள்ளை என்றால் 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் இருக்கிறது. முதலில் வீட்டில் இரண்டு மணி நேரம் கிடைக்கிறதா என்று ஒரு மாதம் பாருங்கள். கிடைத்து, படித்து, அதற்கு மேலும் ஆசான் வேண்டும் என்றால் அப்போது பணம் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

போன் வந்தால் ஒன்றைக் கேளுங்கள்: "வேலை கேரன்ட்டின்னு சொன்னீங்களே, அதை எழுத்துல குடுங்க, வேலை கெடைக்கலன்னா எவ்ளோ பணம் எப்ப திரும்பும்னு சேத்து." பயிற்சி நடத்துகிறவர்கள் பொய்யாக வேலை உறுதி என்று விளம்பரம் செய்யக்கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. எழுத்தில் கேட்டதும் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள்.

ஏற்கெனவே ஓடிபி சொல்லியாகிவிட்டதா? அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. கடன் நிறுவனம் அனுப்பிய ஆவணத்தில், கடனைத் திரும்பக் கொடுத்துவிட்டு அபராதமில்லாமல் விலகிக்கொள்ள எத்தனை நாள் அவகாசம் என்று போட்டிருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி டிஜிட்டல் கடன்களுக்கு அந்த அவகாசம் தர வேண்டும், ஆனால் அது வெகு குறைந்த நாட்கள்தான். அதற்குள், கோர்ஸ் வேண்டாம், கட்டிய தொகையைக் கடன் நிறுவனத்துக்கே திருப்பிக் கொடுங்கள் என்று கோர்ஸ் நடத்துபவர், கடன் நிறுவனம் இரண்டு பேருக்கும் மின்னஞ்சல் போடுங்கள்; போனில் பேசியது கணக்கில் வராது. இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கோர்ஸ் என்ற பேரில் ஆளே இல்லாத மோசடி, பணம் நேராகக் கணக்கிலிருந்து போய்விட்டது என்றால் 1930, அதுவும் அன்றைக்கே. அந்தப் போனை மட்டும் பிள்ளையிடம் கொடுத்து "நீயே பேசு" என்று அனுப்பிவிடாதீர்கள். வேனை ஒருநாள் விட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் பேசுங்கள்.